வில்லை கிடைத்துவிடும், குளிர் கிடைக்குமா?

போன இதழில் காந்தத்தால் மிதக்கும் ரயிலைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அதன் பலன், சூப்பர்கண்டக்டர் (போதுமான அளவு குளிரவைத்தால் மின்தடையே இல்லாமல் போகிற பொருள், தமிழில் மீக்கடத்தி) எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. சளிக்கு ஏன் மூக்கு அடைக்கிறது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சியில் சூப்பர்கண்டக்டருக்கு மேல் காந்தம் மிதப்பதைச் செய்துகாட்ட நானும் என் தோழியும் பெயர் கொடுத்துவிட்டோம். இப்போது பொருளுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. நெட்டில் தேடினால் பொடி, வில்லை, கம்பி, நாடா என்று வரிசையாக வருகிறது, எல்லாவற்றிலும் சூப்பர்கண்டக்டர் என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டு மாதம் இருக்கிறது. எதை வாங்கட்டும்? (11-ஆம் வகுப்பு மாணவி)

பதில்: வாங்குவது இருக்கட்டும். திரவ நைட்ரஜனுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அந்த வார்த்தையே இல்லை. எனக்கு எழுதுகிற மாணவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான், பொருளைத் தேடித்தேடி வாங்கிவிட்டு அப்புறம் அதை எப்படிக் குளிர வைப்பது என்று விழிக்கிறார்கள். வில்லை தபாலில் வந்துவிடும். குளிர் தபாலில் வராது. குளிரவைக்காத சூப்பர்கண்டக்டர் வெறும் கறுப்பு ஓட்டுச் சில்லுதான், செம்பு அளவுக்குக்கூட மின்சாரத்தைக் கடத்தாது.

இது ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் எதை வாங்கக் கூடாது என்பதும் தானாகவே தெரிந்துவிடும். 1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் ஹைக்கே காமர்லிங் ஓனஸ் பாதரசத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனபோது, 4.2 கெல்வின் பக்கத்தில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. அந்தக் குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும், அது பள்ளி மாணவர் கைக்கு வருகிற சமாச்சாரம் இல்லை. 75 வருஷம் இந்த விஷயம் பெரிய ஆய்வகங்களைத் தாண்டி அதிகம் வெளியே வராததற்கு அதுதான் காரணம். 1986-ல் சூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் செம்பு ஆக்சைடு கலந்த ஒரு பீங்கான் சாதிப் பொருளில் 30 கெல்வினுக்கும் மேலே மீக்கடத்தலின் அறிகுறியைப் பார்த்தார்கள். மறுவருஷமே நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள், அவ்வளவு பரபரப்பு. அந்த 1987-லேயே அமெரிக்காவில் பால் சூ, மாவ்-குவென் வூ ஆகியோரின் குழுக்கள் இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த பொருளில் 93 கெல்வினைத் தொட்டன. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில், மைனஸ் 196 டிகிரியில். 93 என்பது 77-ஐவிட அதிகம் என்ற அந்தப் பதினாறு டிகிரி இடைவெளி இருப்பதால்தான் நீங்கள் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்க முடிந்தது.

இப்போது நெட்டில் வருகிற பட்டியலைப் பாருங்கள். நியோபியம்-டைட்டானியம் கம்பி 10 கெல்வினுக்குக் கீழேதான் வேலை செய்யும். காரீயம் 7.2 கெல்வின். மக்னீசியம் டைபோரைடு, 2001-ல் ஜப்பானில் கண்டுபிடித்தது, பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அதுவும் 39 கெல்வின்தான். இவை எல்லாமே உண்மையான சூப்பர்கண்டக்டர்கள், விற்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்கள் நைட்ரஜன் கிண்ணத்தில் எதுவும் நடக்காது. தாலியம், பாதரசம் கலந்த வகைகள் 120, 130 கெல்வின்வரை போகும் என்று படித்துவிட்டு அதைக் கேட்காதீர்கள், இரண்டும் கடும் விஷம்.

உங்களுக்கு வேண்டியது அந்த 93 கெல்வின் பொருள்தான். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஒய்.பி.சி.ஓ. என்பார்கள், கேட்கும்போது அப்படியே கேளுங்கள். பொடியாக வேண்டாம். மிதக்க வைப்பது பொருளுக்குள் சுற்றி ஓடுகிற மின்னோட்டம். பொடியில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் தொடர்பே இருக்காது, அப்புறம் மின்னோட்டம் எங்கே சுற்றும்? வில்லையாக வாங்குங்கள். வில்லையிலும் இரண்டு சாதி உண்டு, இதை விற்பவரே பல சமயம் தெளிவாகச் சொல்வதில்லை. பொடியை அழுத்திச் சுட்டு எடுத்தது ஒன்று. இதில் குட்டியூண்டு காந்தம் சில மில்லிமீட்டர் உயரத்தில் மிதக்கும், விரலால் லேசாகத் தட்டினால் வழுக்கிப் போய்விடும். இன்னொன்று, பொருளை உருக்கி மேலே ஒரு விதைப் படிகத்தை வைத்து மெதுவாக உறைய விட்டு, வில்லை முழுக்க ஒரே படிகம் போல வளர்த்தது. இது காந்தத்தைப் பிடித்துக்கொள்ளும். மிதக்கிற காந்தத்தைத் தூக்கினால் வில்லையும் சேர்ந்து தொங்கியபடி மேலே வரும். வீடியோக்களில் நீங்கள் பார்த்து வாய் பிளந்தது இந்த இரண்டாவது வகையைத்தான். உருக்கி வளர்த்ததா, சுட்டு எடுத்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டம் தாராளமாகப் போதும்.

ஆனால் என்னைக் கேட்டால், வாங்குவதற்கு முன்னால் இரவல் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறை இருக்கிறதோ அங்கே தாழ்வெப்ப ஆய்வகம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் வில்லையும் அங்கேயே இருக்கும், நைட்ரஜனும் அங்கேயே இருக்கும், அதைவிட முக்கியமாக இரண்டையும் கையாளத் தெரிந்த ஒருவர் இருப்பார். கடிதம் எழுதும்போது 'சூப்பர்கண்டக்டர் தந்து உதவுங்கள்' என்று மொட்டையாக எழுதினால் குப்பைக்கூடைதான். என்ன சோதனை, எத்தனை நிமிடம், எந்தத் தேதி, கூட வருகிற ஆசிரியர் யார், நைட்ரஜனை எதில் கொண்டுபோவீர்கள், இதையெல்லாம் அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். ஆய்வு மாணவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்துகாட்டுவதில் உள்ளூர ஒரு குஷி உண்டு, நானும் அப்படி ஒருவனாக இருந்தவன்தான்.

பல்கலைக்கழகம் இல்லையென்றால் நைட்ரஜன் புழங்குகிற மற்ற இடங்கள்: மரு எடுக்கிற தோல் மருத்துவர்கள், கால்நடைகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்கிற நிலையங்கள், வெல்டிங் வாயு கொடுக்கிற தொழிற்சாலைகள். இவர்கள் மாணவர் கையில் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வில்லையைக் குளிர்விக்கச் செலவாவது கொஞ்சம்தான், வழியிலும் கிண்ணத்திலும் ஆவியாகிப் போவதுதான் நிறைய. ஆகவே இரண்டு மூன்று லிட்டர் கேட்டுவிடுங்கள், அதுவும் கண்காட்சி நாளன்று காலையில். முந்தின நாள் வாங்கி வைத்தால் மறுநாள் காலிக் குடுவையோடு நிற்க நேரலாம்.

உலர்பனி போதுமா என்று இன்னொரு மாணவர் கேட்டிருந்தார். போதாது. மைனஸ் 78 டிகிரி, கெல்வினில் 195. ஏறக்குறைய பாதித் தூரம்தான் வந்திருக்கிறது.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் நீங்களே யோசித்துவிடலாம். மூடி திருகுகிற பிளாஸ்கில் ஊற்றி இறுக்கினால் அது குண்டு. அதற்கென்று இருக்கிற டியூவார் குடுவையின் மூடி தளர்வாக, வாயு வெளியேறும்படிதான் இருக்கும். ஜன்னல் இல்லாத அறையில் நிறையக் கொட்டிவிட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜனை இது ஒதுக்கித் தள்ளிவிடும், வாசனை கிடையாது, மயக்கம் வருவதுகூடத் தெரியாது. அதனால்தான் லிஃப்டில் குடுவையோடு ஆள் ஏறக் கூடாது என்ற விதி. கண்ணாடி போடுங்கள், கால்சட்டையை ஷூவுக்குள் சொருகாதீர்கள், கையுறை உதறினால் கழன்றுவிடும் அளவுக்குத் தொளதொளப்பாக இருக்கட்டும், உள்ளே புகுந்த திரவம் தங்கினால்தான் ஆபத்து. வெறும் உள்ளங்கையில் ஊற்றிக் காட்டுகிற வித்தையெல்லாம் வேண்டாம்.

செய்முறை சுருக்கமாக. தெர்மோகோல் கிண்ணத்தில் வில்லையை வையுங்கள். அதன் மேல் நாலைந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டைத் துண்டு, அதற்கு மேல் நியோடிமியம் காந்தம். நைட்ரஜனை மெதுவாக ஊற்றுங்கள், படபடவென்று கொதிக்கும். கொதிப்பு அடங்கி அமைதியானால் வில்லை குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். மரச் சாமணத்தால் அட்டையை உருவி எடுங்கள். இரும்புச் சாமணம் வேண்டாம், காந்தம் தாவி ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கிவிடும். காந்தம் அந்தரத்தில் நிற்கும். பிறகு ஒரு தடவை காந்தம் இல்லாமல் வில்லையைக் குளிர்வித்துவிட்டு அப்புறம் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள், உள்ளே வராதே என்று தள்ளுவது கையிலேயே தெரியும். முதலாவதில் காந்தப் புலம் வில்லைக்குள் மாட்டிக்கொண்டு உறைந்துவிட்டது, இரண்டாவதில் அதற்கு உள்ளே இடமே கிடைக்கவில்லை. மீக்கடத்தி தன் உடம்பிலிருந்து காந்தப் புலத்தை வெளியே தள்ளுகிறது என்று 1933-ல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டுபிடித்ததுதான் இந்தத் தள்ளலுக்கு அடிப்படை. இந்த இரண்டு விதத்தையும் அடுத்தடுத்துச் செய்துகாட்டி வித்தியாசத்தை வாயால் விளக்கிவிட்டால் நடுவர்கள் அதற்கு மேல் உங்களைத் தோண்டமாட்டார்கள்.

கேள்வி: வாங்காமல் நாங்களே தயாரித்தால் என்ன? எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 1000 டிகிரி போகிற உலை இருக்கிறது. (இளநிலை வேதியியல் மாணவர்)

பதில்: உலை இருக்கிறது, தராசு இருக்கிறது, கூடவே பேராசிரியரும் இருக்கிறார் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடையாது. வீட்டில் செய்ய நினைக்கிற பள்ளி மாணவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இட்ரியம் ஆக்சைடு 1.129 கிராம், பேரியம் கார்பனேட் 3.947 கிராம், செம்பு ஆக்சைடு 2.386 கிராம். இட்ரியம், பேரியம், செம்பு அணுக்கள் 1:2:3 என்று அமைய வேண்டும், அதற்கான கணக்கு இது. கார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு போனது போக, உலையிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜனும் சேர்ந்து, கடைசியில் 6.66 கிராம் கிடைக்க வேண்டும். கறுப்பு ஆக்சைடைத்தான் வாங்க வேண்டும், சிவப்பு இல்லை. கல்வத்தில் போட்டு அரைக்க வேண்டும், அரைக்க வேண்டும், கை வலித்த பிறகும் அரைக்க வேண்டும். 900-லிருந்து 950 டிகிரிக்குள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சுட்டு, எடுத்து மறுபடி அரைத்து, மறுபடி சுட்டு, அப்புறம்தான் அச்சில் அழுத்தி வில்லையாக்கிக் கடைசிச் சூடு. இந்தக் கடைசிச் சூட்டில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். உலையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் அழகான கறுப்பு வில்லை இருக்கும், மிதக்காது. சூத்திரத்தில் ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கை ஏழுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இது மீக்கடத்தி, ஆறுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் வெறும் பீங்கான். அதிகச் சூட்டில் இது ஆக்சிஜனைக் கக்கிவிடும், 400 முதல் 500 டிகிரிக்குள் வரும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஆக்சிஜன் ஓட்டத்தில் வைத்து, அந்த எல்லைக்குள் பல மணி நேரம் நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும்.

நான் முதுகலை படிக்கும்போது செய்த முதல் வில்லை பச்சையாக வந்தது. நல்ல பாசிப் பச்சை. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அரை நாள் சந்தோஷப்பட்டேன், அப்புறம்தான் ஆய்வக உதவியாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், அது இட்ரியம் அதிகமாகிப்போன வேறொரு சேர்மம், மின்காப்புப் பொருள், எல்லாரும் முதல் தடவை அதைத்தான் செய்கிறார்கள் என்று. எடை போட்ட தாளில் பேரியம் கார்பனேட் பாதி ஒட்டிக்கொண்டு போனதுதான் காரணம். உங்கள் வில்லையில் பச்சைப் புள்ளி தெரிந்தால் கலவை சரியில்லை அல்லது சூடு எகிறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரியம் கார்பனேட் விஷம். தண்ணீரில் கரையாது என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், வயிற்றிலுள்ள அமிலத்தில் கரையும். முகமூடி, கையுறை, தனிக் கல்வம், வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைப்பது, இதில் சமரசம் கிடையாது. இவ்வளவும் செய்து வருவது சுட்டு எடுத்த சாதி வில்லைதான், குட்டிக் காந்தத்தை மட்டுமே மிதக்க வைக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் சில வருடங்களுக்கு முன் வாங்கிய வில்லை முதலில் நன்றாக வேலை செய்தது. இப்போது நைட்ரஜனில் போட்டால் காந்தம் கொஞ்சம்கூட எழும்பவில்லை. காலாவதி ஆகிவிடுமா? (இயற்பியல் ஆசிரியர்)

பதில்: காலாவதி இல்லை ஐயா, ஈரம். மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். நைட்ரஜனிலிருந்து எடுத்த வில்லையின் மேல் காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படிந்து, உருகித் தண்ணீராகி உள்ளே இறங்கும், பேரியம் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்துவிடும், கடைசியில் கார்பனேட்டாகப் பூக்கும். அப்படிப் போன பகுதியை மீட்க முடியாது. முழுசாகப் போயிருக்காவிட்டால் மேல் தோலை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம், தூளை மூச்சில் இழுக்காமல். விரிசல் விட்டிருந்தாலும் பலம் குறையும், ஏனென்றால் மின்னோட்டம் சுற்ற முழு வட்டம் கிடைக்காது.

இனி வாங்குவதற்கு: சட்டென்று நைட்ரஜனில் போடாமல் முதலில் அதன் ஆவியில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு இறக்குங்கள். முடிந்ததும் வெளியே எடுத்து, முடி உலர்த்துகிற டிரையரால் நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். அடுப்புச் சுவாலையில் காட்டி உலர்த்தாதீர்கள், ஆக்சிஜன் போய்விடும். நல்ல விற்பனையாளர்கள் வில்லையை ரெசின் பூசியோ உலோகக் கூட்டுக்குள் பொதிந்தோ தருகிறார்கள், பள்ளிக்கு அதுதான் தாங்கும்.

கேள்வி: மிதக்க வைப்பதை எல்லாரும் செய்கிறார்கள். பரிசு வாங்குகிற மாதிரி வேறு என்ன செய்யலாம்? எங்களிடம் வில்லையும் நைட்ரஜனும் தயார். (இரண்டு மாணவர்கள், சேர்ந்து எழுதியது)

பதில்: அப்பாடா, நைட்ரஜன் தயார் என்று எழுதிய முதல் கடிதம். அளந்து காட்டுங்கள், அதுதான் வித்தியாசம்.

எளிதானது: தள்ளுவிசையை அளப்பது. இலக்கத் தராசின் மேல் ஒரு சாண் உயர மரக்கட்டை, அதன் உச்சியில் காந்தம். காந்தம் தராசுக்கு நேர் மேலே பக்கத்தில் இருந்தால் அளவு கோணலாகிவிடும், உயரம் அதற்காகத்தான். அடி மெல்லியதாக உள்ள தெர்மோகோல் கிண்ணத்தில் வில்லையைப் போட்டுக் குளிர்வித்து, கிண்ணத்தைத் தாங்கியில் மாட்டிக் காந்தத்துக்கு மேலே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தராசில் எடை கூடும், அது தள்ளுவிசை. கிண்ணத்தைத் தராசில் வைத்து அளக்கலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள், நைட்ரஜன் ஆவியாக ஆவியாக எடை குறைந்துகொண்டே போகும், எது விசை எது ஆவி என்று பிரிக்க முடியாமல் தவிப்பீர்கள். இறக்கும்போது ஒரு வரைகோடு, திரும்ப ஏற்றும்போது இன்னொன்று, இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழாது. ஏற்றும்போது சில இடங்களில் எடை குறைந்து, வில்லை காந்தத்தை இழுப்பதுகூடத் தெரியலாம். அந்த இடைவெளிதான் புலம் வில்லைக்குள் மாட்டிக்கொண்டதற்குச் சாட்சி. ஒரு தாளில் அந்த இரண்டு கோடுகளை ஒட்டி வைத்தாலே உங்கள் மேசை முன்னால் கூட்டம் நிற்கும், குறைந்தபட்சம் விஷயம் தெரிந்த கூட்டம்.

கொஞ்சம் கடினமானது: எந்த வெப்பநிலையில் மின்தடை மறைகிறது என்று அளப்பது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை வைத்து அளந்தால் கம்பிகளின் தடையும் தொடுமுனைகளின் தடையும் சேர்ந்து வந்து உங்கள் பூஜ்யத்தை விழுங்கிவிடும். நாலு கம்பி வேண்டும். வெளி இரண்டில் நூறு மில்லி ஆம்பியர் போல மின்னோட்டம் செலுத்துங்கள், உள் இரண்டில் மின்னழுத்தத்தை மட்டும் அளங்கள். ஈயப் பற்றவைப்பு இந்தப் பீங்கானில் ஒட்டாது, வெள்ளிப் பசை வேண்டும். மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி இரண்டு தடவை அளந்து, கிடைக்கிற மின்தடைகளின் சராசரி எடுத்தால் வெப்ப வித்தியாசத்தால் வருகிற பொய் மின்னழுத்தம் கழிந்துவிடும். வெப்பநிலைக்குத் தெர்மோகப்பிள் போதும், பி.டி.100 என்கிற பிளாட்டினம் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது, பனிக்கட்டியில் 100 ஓம் காட்டுகிற அது நைட்ரஜனில் சுமார் 20 ஓம் காட்டும், சரிபார்க்க எளிது. நைட்ரஜன் வற்றிய பிறகு வில்லை சூடேறும் போது அளங்கள், அதுவும் மெதுவாக, ஒரு செம்புத் தகட்டின் மேல் வில்லையையும் வெப்பமானியையும் சேர்த்துக் கட்டி. அவசரப்பட்டால் வெப்பமானி ஒரு வெப்பநிலையிலும் வில்லை வேறொன்றிலும் இருக்கும், 92 வர வேண்டிய இடத்தில் 100 வந்துவிட்டது என்று உலக சாதனை அறிவிக்கப் பார்ப்பீர்கள்.

இந்த அளவீட்டுக்கு வில்லைக்குப் பதில் நாடா கிடைத்தால் வேலை சுலபம். உலோக நாடாவின் மேல் ஒரு மைக்ரான் அளவில் இதே வகைப் பொருளைப் படியவைத்து, வெள்ளியும் செம்பும் பூசி விற்கிறார்கள், அதில் சாதாரணமாகப் பற்றவைக்கலாம். 4 மில்லிமீட்டர் அகலத் துண்டு நைட்ரஜனில் நூறு ஆம்பியர்கூடத் தாங்கும், நீங்கள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் போக வேண்டாம். தயாரிப்பாளர்களிடம் வெட்டி மீந்த துண்டுகள் இருக்கும், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கேள்வி: மருத்துவமனையில் கழித்துப் போடுகிற எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் சூப்பர்கண்டக்டர் கம்பி இருக்குமாமே, பழைய இரும்புக் கடையில் தேடலாமா?

பதில்: இருக்கும், நியோபியம்-டைட்டானியம். திரவ ஹீலியம் உங்கள் வீட்டில் இருந்தால் தேடுங்கள்.

கேள்வி: என் மகனுக்காக 'அறை வெப்பநிலை சூப்பர்கண்டக்டர், நைட்ரஜன் தேவையில்லை' என்று ஆன்லைனில் விற்ற ஒரு சிறு தகட்டை வாங்கினேன். காந்தங்களின் மேல் உண்மையாகவே மிதக்கிறது! இதையே கண்காட்சியில் வைக்கலாமா? (ஒரு தந்தை)

பதில்: மிதப்பது நிஜம், பெயர் பொய். சாம்பல் கலந்த கறுப்பு நிறத்தில், பளபளப்பாக, ஏடு ஏடாக உரியும்படி இருக்கிறதா? அப்படியானால் அது பைராலிட்டிக் கிராஃபைட், பென்சில் முனையின் பணக்கார உறவினர். காந்தப் புலத்தை லேசாக வெறுக்கிற குணம் கார்பனுக்கு உண்டு, அடுக்கடுக்காக வளர்த்த இந்த வகையில் அது கூடுதல். மின்தடை மறைவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், தடை காட்டும்.

அறை வெப்பநிலையில், சாதாரணக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிற மீக்கடத்தி இதுவரை இல்லை. 2015-ல் ஹைட்ரஜன் சல்ஃபைடு 203 கெல்வின் வரை வந்தது, ஆனால் அதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 15 லட்சம் மடங்கு அழுத்தம் வேண்டும், இரண்டு வைர முனைகளுக்கு நடுவே தூசி அளவு பொருளை வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்று ஒன்று அறை வெப்பநிலை மீக்கடத்தி என்ற பெயரில் வந்து உலகமே இரண்டு வாரம் தூங்கவில்லை, அந்தப் பாதி மிதக்கிற வீடியோவை நானும் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. பல நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்த்ததில், மின்தடை சட்டென்று இறங்கியதற்கு உள்ளே கலந்திருந்த செம்பு சல்ஃபைடுதான் காரணம் என்று தெரிந்தது. அந்தப் பெயரில் இன்றும் யாராவது பொடி விற்றால் வாங்காதீர்கள்.

ஆனால் உங்கள் பணம் வீணில்லை. நைட்ரஜன் கிடைக்க வழியே இல்லாத மாணவர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வதாக இருந்தேன். நான்கு நியோடிமியம் கட்டைகளை வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று சதுரங்கக் கட்டம் போல மாற்றி மாற்றி அடுக்கி, மெல்லிய தகட்டை மேலே விடுங்கள், ஒரு மில்லிமீட்டர் அளவில் மிதக்கும். எத்தனை தடிமன் வரை மிதக்கிறது, தகட்டைச் சின்னதாக வெட்டினால் உயரம் மாறுகிறதா, ஒரு பக்கத்தில் வெளிச்சத்தைக் குவித்துச் சூடாக்கினால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று உங்கள் மகன் ஒரு வாரம் விளையாடலாம். பலகையில் மட்டும் சூப்பர்கண்டக்டர் என்று எழுதாமல் டயாமேக்னட் (காந்தப் புலத்தை லேசாக விலக்குகிற பொருள்) என்று எழுதச் சொல்லுங்கள்.